ஆறு மரமும் இரண்டு கார்டும்

மார்ச் 3, திங்கள்

இன்றும் கம்ப்யூட்டர் ஹேங் ஆனது. நான் வரைந்த, இடையிடையே துளை விட்டுக் கட்டும் செங்கல் சுவரைத் திரையில் சுற்றிப் பார்க்கலாம் என்று மௌஸை அசைத்தேன். திரை வெளுத்துப்போய் அப்படியே நின்றது. வரைவாளர் எட்டிப் பார்த்து, பழசு, அதுக்கும் வயசாச்சுல்ல என்று பரிதாபப்பட்டார். பழசானாலும் நல்லாத்தானே ஓடுது என்று அத்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஆமா சார், நல்லாத்தான் ஓடுது" என்றார் வரைவாளர். இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை. இவருக்கு ஆமாஞ்சாமி என்று நான் வைத்த பெயர் கச்சிதம்.

எங்கள் ஆபீஸ் மருந்துக்கடைக்கு மேலே மூன்று அறை. ஒன்றில் அத்தான். அக்காவின் கணவர், ஆர்க்கிடெக்ட், வாசல் பலகையில் இருக்கும் ஒரே பெயர். இன்னொன்றில் அக்கா, கணக்கு வழக்கோடு. மிச்சமிருக்கும் அறையில் நானும் ஆமாஞ்சாமியும் பிரிண்டரும். நானும் ஆர்க்கிடெக்ட்தான். அது பலகைக்குத் தெரியாது.

ஆனால் இன்று புலம்புவதற்காக மட்டும் உட்காரவில்லை. புது நூலகம் ஒன்றுக்கு நடக்கும் டிசைன் போட்டிக்கு என்னுடையதையே கொண்டுபோகலாம் என்று அத்தான் சொல்லிவிட்டார். அவர் வரைந்தது, நான் வரைந்தது இரண்டையும் மேசைமேல் போட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "உன்னோடதுதான் நல்லாருக்கு. கமிட்டி முன்னாடி நீயே நின்னு பேசு" என்றார். அக்காவும் கேட்டாள், ஆமாஞ்சாமியும் கேட்டார். சாட்சி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் வரைந்த எதற்கும் நான் நின்று பேசியதில்லை. இதற்குப் பேசுவேன். இதற்கு என் பெயர் வரும்.

கமிட்டியில் பாதிப் பேருக்கு வரைபடம் படிக்கத் தெரியாதாம். கட்டடத்துக்குள் நடந்து போவதுபோல் ஒரு படம் வேண்டுமாம், வாக்த்ரூ. இப்போது இருக்கும் கிழத்தில் அது நடக்காது, தவழும்.

மார்ச் 5

புது மெஷின் வாங்கச் சம்மதித்துவிட்டார். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கட்டடத்தின் மாடலைக் கம்ப்யூட்டருக்குள் செய்வதற்குப் பிராசசரில் கோர், அதன் வேலைக்கைகள், எக்கச்சக்கமாக இருந்து பயனில்லை, இருப்பது வேகமாக ஓடினால் போதும். ரெண்டர் செய்ய, அதாவது அந்த மாடலை வெயிலும் நிழலுமாக நிஜம்போல் படமாக்க, கிராஃபிக்ஸ் கார்டு முக்கியம். அதிலும் வேகத்தைவிட மெமரி முக்கியம். முழுக் கட்டடமும், செங்கல், இலை, நாற்காலிக் கால் உட்பட, அந்தக் கார்டுக்குள் ஏறி உட்கார வேண்டும். இடமில்லை என்றால் படம் வராது, அவ்வளவுதான். ஆகவே இருபத்துநாலு ஜிபி மெமரி உள்ள ஒரே கார்டு. 'ஒரே' என்பதற்கு அடியில் கோடு போட்டேன். கலர் விளக்கு வேண்டாம் என்றும் எழுதினேன்.

அத்தான் சீட்டைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மளிகைக்கடைக்கா போறோம் என்றார். கண்ணாடி போடாமல் படித்தால் கோடு எங்கே தெரியப்போகிறது.

மார்ச் 8

கடைக்கு நானும் வருகிறேன் என்றேன். "நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்ட எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

மார்ச் 10, திங்கள்

விடாமல் தொற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் அத்தானோடு படித்தவர். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அதன் தலையில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், அதனால் அத்தான் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார். டாக்டர் என் சீட்டைத் தொடவே இல்லை. நான் கேட்கும் கார்டை வரவழைக்க வேண்டுமாம். அதற்குப் பதில் பன்னிரண்டு ஜிபி கார்டு இரண்டு கையிலேயே இருக்கிறதாம், வேகமும் இரட்டையாம்.

"பன்னெண்டும் பன்னெண்டும் இருபத்துநாலுதானே. இதுல என்ன சந்தேகம்?"

அதையே அத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார், இன்னும் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். நான் விளக்கினேன். நாம் பயன்படுத்தும் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு கார்டும் முழு மாடலையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டும். இரண்டு கார்டு சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் இடம் கூடாது. இரண்டு பன்னிரண்டு இருந்தாலும் உள்ளே போவது பன்னிரண்டுதான். யானையைப் பாதி பாதியாக இரண்டு கொட்டிலில் கட்ட முடியாது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

கணக்கு வாத்தியார் இதைக் கேட்டால் அழுதுவிடுவார் என்றார் அத்தான். டாக்டர் சிரித்தார், அவர் சிரித்ததைப் பார்த்து அத்தான் மறுபடி சிரித்தார். சிரிப்புதான் இரண்டு, விஷயம் ஒன்றுமில்லை.

வாங்கிவிட்டார்.

மார்ச் 12

வந்து இறங்கியது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி எரிகிறது, சர்க்கஸ் வாசல் மாதிரி. ஏசி இருப்பதால் அதை அத்தான் அறையில்தான் வைக்க வேண்டுமாம். ஆகவே நானும் அங்கேதான் உட்கார வேண்டும். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பேசிக்கொண்டே நகம் வெட்டுவார். ஒரு நகத்துண்டு பறந்து வந்து கீபோர்டில் விழுந்தது. எஸ்கேப் பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவில்.

மார்ச் 14

நூலகம் வரப்போகும் மனையில் ஆறு பெரிய மரங்கள் நிற்கின்றன. அத்தானின் டிசைனில் அவை இல்லை, கண்ணாடிப் பெட்டி ஒன்று மனை முழுக்க உட்கார்ந்துகொள்ளும். என்னுடையதில் ஒவ்வொரு வாசிப்பறையும் ஒரு மரத்தைச் சுற்றி இருக்கிறது. அதிலும் ஒரு மரம் இடுப்பொடிந்ததுபோல் சாய்ந்து நிற்கிறது. அதன் வேர் எந்தப் பக்கம் போகிறது என்று மண்ணைக் கிளறிப் பார்த்து, அஸ்திவாரம் வேரை வெட்டாதபடி சுவரை வளைத்திருக்கிறேன். வளைவு வட்டத்தில் அடங்காது, வேரோடு போகும். இந்தக் கட்டடத்தில் நான் பெருமைப்படும் ஒரே கோடு அது.

இன்று முதன்முறையாக முழு மாடலையும் ரெண்டருக்குப் போட்டேன். எண்ணி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டுச் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. இரண்டு கார்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தன.

அத்தான் நாற்காலியைத் திருப்பாமலே, "மெஷின் நல்லாத்தான் இருக்கு. உன் மாடல்லதான் கொழுப்பு" என்றார்.

மார்ச் 15

கொழுப்பைக் குறைத்தேன். அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு வெறும் படம் ஒட்டினேன். செங்கல்லை ஒன்று செய்து மற்றதெல்லாம் அதன் நகல் ஆக்கினேன். கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்கினேன். இன்னும் ஏறவில்லை. மிச்சம் இருப்பது மரங்கள்தான்.

ஒரே மரத்தைச் செய்து ஆறு இடத்தில் நட்டால் என்ன என்று அத்தான் கேட்டார். வேறு கட்டடமாக இருந்தால் நியாயம்தான். சும்மா நிழலுக்கு நிற்கும் மரம் என்றால் நானே அப்படித்தான் செய்வேன். ஆனால் நேரான மரத்தைச் சாய்ந்த மரத்தின் இடத்தில் வைத்தால் அது கூரையைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறது. சுவர் எதற்கு வளைகிறது என்று பார்ப்பவனுக்குப் புரியாது. மரம் வேண்டும் என்றால் அந்த மரம் வேண்டும். அத்தானிடம் சொன்னேன். ரொம்பத்தான் என்றார். ஆமாஞ்சாமியும் கதவருகே நின்று தலையாட்டினார்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் குளிக்கப் போன நேரம் பார்த்து அக்காவிடம் கொட்டினேன். அந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றை வாங்கச் சொல் என்றேன். பெட்டியைப் பிரித்தாயிற்று, டாக்டர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்றாள். அதைவிட, அத்தான் போய்த் திருப்பிக் கொடுக்க மாட்டார், தப்பாக வாங்கினோம் என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

"அவருக்குத் தோக்கத் தெரியாதுடி. உனக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. நடுவுல என் தல உருளுது."

விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து நீ எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய் பார் என்று கேட்டுவிட்டேன். அக்காவும் ஆர்க்கிடெக்ட் படித்தவள். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் சாப்பிடாமல் கிளம்பினேன், பசியோடு வந்தது இன்னும் எரிச்சல்.

மார்ச் 19

அத்தான் தன் கண்ணாடிப் பெட்டி டிசைனே போட்டிக்குப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் இல்லாத நேரத்தில் அதை ஆமாஞ்சாமியை விட்டு மெஷினில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். கண்ணாடி, தரை, கண்ணாடி. மரம் இல்லை, செங்கல் இல்லை. இரண்டு கார்டுக்கும் தீனியே பற்றாது. பொறி பறக்க ஓடியிருக்கிறது. "பாத்தியா, இந்த மெஷினுக்கு இதுதான் டிசைன்" என்றார். கட்டடத்துக்கு மெஷின் வாங்குவார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாக்த்ரூவை நான்தான் செய்து தர வேண்டுமாம். கமிட்டியில் யார் பேசுவது என்று கேட்டேன். "என் டிசைனுக்கு நான்தானே பேசணும்" என்றார்.

தெரியாமல் வாங்கினார் என்றால் முட்டாள். தெரிந்தே வாங்கினார் என்றால்? சீட்டில் கோடு போட்டுக் கொடுத்தேனே. கடையில் வைத்து யானை, கொட்டில் என்று கத்தினேனே. எல்லாம் காதில் விழுந்துதானே சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே வாங்கினாரு. என்னோடது உள்ள போகாது, அவரோடது போகும்னு அப்பவே தெரிஞ்சிருக்குமோ? இல்ல, அவ்வளவு மூளை இருந்தா அந்தப் பெட்டிய வரைஞ்சிருப்பாரா?

எது என்று தெரியவில்லை. எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்.

மார்ச் 20

பெட்டிக்கு வழிவிட ஆறு மரத்தையும் அழித்தாயிற்று. படத்தில்தான். நிலத்தில் வெட்ட ஆள் பின்னால் வரும்.

மார்ச் 22, சனி

பெட்டியின் வாக்த்ரூ முடிந்தது. நன்றாகவே வந்திருக்கிறது, அதுதான் கொடுமை. வேலையைக் கெடுத்துச் செய்ய எனக்குக் கை வராது. கண்ணாடியில் மேகம் நகர்வதைப் பார்த்து அத்தான் தன்னையே பாராட்டிக்கொண்டார்.

என் பழைய கிழத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கார்டை நம்பாமல் பிராசசரை வைத்தே ரெண்டர் செய்ய முடியும். அதற்குக் கம்ப்யூட்டரின் சொந்த மெமரி போதும், அது இந்தக் கிழத்தில் தாராளமாக இருக்கிறது. நான் கெஞ்சிக் கூத்தாடிப் போட வைத்தது. ஆனால் நத்தை வேகம், வாக்த்ரூவெல்லாம் ஜென்மத்துக்கும் முடியாது. ஒரே ஒரு படம் போட்டேன். வாசிப்பறைக்குள் இருந்து அந்தச் சாய்ந்த மரம். மூலையிலிருந்து கட்டம் கட்டமாக நிரம்பிக்கொண்டிருக்கிறது. எதற்காகச் செய்கிறேன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. வீம்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 25, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரக்கூடாது.

கமிட்டியில் ஐந்து பேர். தலைவி ஒரு தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அரசாங்க என்ஜினியர். அத்தான் பேசினார், நான் லேப்டாப் பட்டனைத் தட்டினேன். பெட்டி ஓடியது, மேகம் நகர்ந்தது. விளக்கைப் போட்டதும் தலைவி கேட்டார், அங்க ஆறு மரம் இருக்குமே, எங்கே என்று.

அத்தான் ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை. என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

"மாடல் பண்ணவங்க விட்டுட்டாங்க. நேரம் பத்தல. கவனக்குறைவுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  நான் விட்டேனா? ஒவ்வொரு மரத்தையும் சுத்தி சுத்தி வந்து போட்டோ எடுத்தவ நான், நான் விட்டேனா? கை தானாகப் போய், முந்தின ராத்திரி முடிந்து லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்த அந்தப் படத்தைத் திறந்தது. திரை முழுக்கச் சாய்ந்த மரம், வளைந்த சுவர், இலைக்கு நடுவில் வெயில் இறங்கி வாசிப்பு மேசைமேல் கிடக்கிறது. மறக்கவில்லை, மரம் இருக்கும் கட்டடம் இதுதான் என்றேன். 

தலைவி எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். என்ஜினியர் மட்டும் காகிதத்தைப் புரட்டினார். ஒரு ஆபீஸுக்கு ஒரு டிசைன்தான் என்று விதி இருக்கிறதாம். எது உங்களுடையது என்று அத்தானைக் கேட்டார்.

அத்தான் தலைவியின் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இதுதாங்க எங்களோடது. அது சும்மா ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகக் காட்டினது. அந்தச் சாஞ்ச மரத்தப் பாத்ததுமே எனக்குத் தோணிச்சு, இங்க சுவரு வளையணும்னு."

எனக்கு. எனக்குத் தோணிச்சு.

வாயைத் திறந்தேன். என்ஜினியர் பேனாவோடு காத்திருந்தார். இது அவருடையது இல்லை, என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆபீஸுக்குள்ளேயே அடிதடி என்று எங்களை ஒதுக்கித் தள்ளியிருப்பார். அடுத்து வெளியே காத்திருந்த ஆபீஸின் அட்டை மாடலைத் தாழ்வாரத்தில் பார்த்திருந்தேன், அதிலும் மரம் இல்லை. பெயரா, மரமா? யோசிக்கக்கூட நேரமில்லை. வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் அத்தான் என் கட்டடத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசினார், பாவி.

மார்ச் 26

வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 28

அக்கா வந்தாள். புருஷனுக்கு வக்காலத்து வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே நின்றேன். உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்தது அந்த மலைச்சரிவு வீடு. அது யாரு போட்டதுன்னு நினைக்கிற?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அந்த வீட்டின் போட்டோதான் ஆபீஸ் வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. அக்கா ஏன் வரைவதை விட்டாள் என்று நான் கேட்டதே இல்லை. வீட்டைக் கவனிக்க என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அன்று சாப்பாட்டுக்கு நடுவே அவளிடம் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் டீ போட்டேன்.

குடித்துவிட்டு, தான் அப்போதே பேசியிருக்க வேண்டும், பேசவில்லை என்றாள். நீயும் பேசவில்லை என்றாள். அதைத் திட்டுவதுபோல்தான் சொன்னாள்.

ஏப்ரல் 17

நூலகம் எங்களுக்கே. எங்களுக்கு என்றால் அத்தானுக்கு. ஆமாஞ்சாமி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அத்தான் டாக்டரைக் கூப்பிட்டு, இருபத்துநாலு ஜிபி கார்டு ஒன்று உடனே வேண்டும், "நான் அப்பவே சொன்னேன்ல, ரெண்டு பன்னெண்டு சரிப்படாதுன்னு" என்று ஸ்பீக்கரில் அதட்டினார். டாக்டரும் ஆமாம் சொன்னீங்க என்றார். இவர்களிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, இவர்களுக்கு நேற்று என்பதே கிடையாது.

அனுமதிக்குப் போகும் வரைபடத்தைப் பார்த்தேன். வடிவமைப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர். அதைத் திருத்தினால்தான் மேற்கொண்டு வரைவேன் என்றேன். குடும்பத்துக்குள்ள என்ன பேரு ஊரு என்றார். சரி என்று சொல்லிவிட்டு என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மருந்துக்கடை வாசலில் நின்றபோது மாடிப்படியில் சத்தம் கேட்டது. அக்கா. அவள் கையிலும் பை.

மே 12

எனக்கும் அக்காவுக்கும் இப்போது தையல்கடைக்கு மேலே சொந்த ஆபீஸ், ஒரே அறை, இரண்டு மேசை. மெஷின் வாங்கியாயிற்று, ஒரே கார்டு, விளக்கு கிடையாது, கறுப்புத் தகரப் பெட்டி. அக்காவுக்குப் புதுச் சாஃப்ட்வேர் சுத்தமாகப் பிடிபடவில்லை. நேற்று முழுக்க ஒரு கோடு போட முடியாமல் மௌஸைத் தூக்கி அடித்தாள். சொல்லிக்கொடுக்கப் போனால் எரிந்து விழுகிறாள். இருவரும் நாலு நாளாக வேலை தவிர வேறு பேசவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அத்தானுக்குச் சமைக்கிறாள், அங்கேயும் பேசுவதில்லையாம்.

மே 27

மனையில் அஸ்திவாரத்துக்குக் கோடு போட ஆரம்பித்திருக்கிறார்கள். அத்தான் அக்காவின் போனில் கூப்பிட்டார். சுவர் ஏன் இப்படி வளைகிறது, நேராகப் போட்டால் செலவு மிச்சம் என்று என்ஜினியர் குடைகிறாராம். என்ன பதில் சொல்வது என்று அக்கா என்னிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"வரைஞ்சவ யாருன்னு அங்க சொல்லுங்க. அவளே வந்து பதில் சொல்லுவா" என்றாள் அக்கா.

சாயங்காலம் வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றாராம். வீட்டில் ஆபீஸ் பேச்சு வேண்டாம் என்று வருஷக்கணக்கில் சொன்னது நீங்கள்தானே என்று வைத்துவிட்டாள்.

மே 29

அத்தானே என்னைக் கூப்பிட்டார். டிசைன் நீதான்னு சொல்லிட்டேன், போதுமா என்றார். யாரிடம் சொன்னீர்கள் என்றேன்.  மேஸ்திரியிடமாம்.

கமிட்டியிடம் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.  நாளைக்கே அவர்கள் நேராகக் கோடு போட்டு வேரை வெட்டினால்? போய் நின்றுவிடலாமா என்று சாயங்காலம்வரை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். போகவில்லை. அக்கா போகவும் விடவில்லை.

ஜூன் 2, திங்கள்

கமிட்டித் தலைவி கூப்பிட்டார். மனையில் வைத்தே அத்தானிடம் கேட்டாராம், சுவர் எதற்கு வளைகிறது என்று. அழகுக்காக என்றாராம். அழகுக்கென்றால் வேண்டாம், நேராகவே போகட்டும் என்று இவர் சொல்ல, என்ஜினியர் நேர்க்கோடு போடக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டாராம். அப்போதுதான் அத்தான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார்.

"இது நான் போட்டது இல்ல, போட்டவங்களத்தான் கேக்கணும்னு சொன்னாரு. அவ்வளவு பேரு முன்னாடி. நீங்கதானா அது? அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

 வடிவமைப்பாளர் பெயரை மாற்றி எழுதித் தருவதாக அத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். நாளைக்குக் காலையில் வந்து கோடு போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். அத்தானும் வருவாரா என்று கேட்டேன். வருவாராம்.

வரட்டும். வெயில் கடுமையாக இருக்கிறது, வரைபடத்துக்குக் குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.